புகைக்கூண்டின் வாயை அடைத்தேன்

டெக்சஸில், ரவுண்ட் ராக் என்ற ஊரில் நாங்கள் வாங்கிய முதல் வீட்டில் ஒரு ஃபயர்பிளேஸ் இருந்தது. அந்த ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். என் கணவர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஊரில், ஈரோட்டில் இருப்பவர்களுக்கு அனுப்பிய முதல் போட்டோவில் நான் இல்லை, குழந்தை இல்லை. செங்கல் வளைவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அவர் மட்டும் நிற்கிறார். அதில் ஒரு நாள்கூட நாங்கள் தீ மூட்டவில்லை. விறகு எரிக்கவா விமானம் ஏறி வந்தோம்? ஆனால் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் வருஷக்கணக்கில் எரித்துத் தள்ளியிருந்தார்கள். உள்ளே தலையை விட்டு மேலே பார்த்தால் சுவரெல்லாம் தார் பூசியதுபோல் கரி. புகை போகும் வழியை மூடுவதற்கு டாம்பர் என்று ஓர் இரும்புத் தகடு உண்டு. அது கோணிப்போய்ப் பாதியில் நின்றது.

குளிர்காலத்தில் அந்த ஓட்டை வழியாகக் காற்று இறங்கி என் கணுக்காலைப் பிடிக்கும். சாக்ஸ் போட்டுக்கொள் என்றார், போட்டுக்கொண்டேன். அதைவிடப் பெரிய தொல்லை நாற்றம். நனைந்த சாம்பலும் பழைய புகையும் கலந்த ஒரு நெடி. சோபா, திரைச்சீலை, குழந்தையின் ஜாக்கெட், என் தலைமுடி, ஒன்றையும் விடாது. எல்லா நேரமும் அது வருவதில்லை. நான் சமைக்கும்போதுதான் வரும். அப்புறம் என்ன, பழி யார் மேல் விழும் என்று சொல்லவும் வேண்டுமா?

என் கணவருக்கு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெட்டிக்குள் சூடு சேராமல் காற்று எந்தப் பக்கம் நுழைய வேண்டும், எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்று கணக்குப் போடுகிற வேலை. இதை நீங்கள் மறக்காமல் இருந்தால் போதும், என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

அவர் கண்டுபிடித்த வைத்தியம், அடுப்புக்கு மேல் ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன். வெறுமனே சத்தம் போடுகிற ரகம் இல்லை, நிஜமாகவே காற்றை வீட்டுக்கு வெளியே தள்ளுகிற ரகம். போட்டால் பக்கத்தில் பேச முடியாது. கூடவே ஒரு சட்டம்: சமைக்கும்போது ஜன்னல் திறக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நம் தாளிப்பு வாசனை போய்விடக் கூடாதாம். ஆக, வீட்டை டப்பா மாதிரி அடைத்துவிட்டு ஃபேனை முழு வேகத்தில் வைத்து நான் சமைப்பேன். நாற்றம் முன்னைவிட மோசமானது. பெருங்காயத்தை நிறுத்து என்றார். நிறுத்தினேன். அப்புறம் கருவாடு போனது. அப்புறம் வெங்காயம் வதக்குவது போனது. நாற்றம் மட்டும் போகவில்லை.

சனிக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஆண்கள் கிரீன் கார்டு பற்றிப் பேசுவார்கள். பெண்கள் நாங்கள் நாற்றம் பற்றிப் பேசுவோம். ஒருத்தி கோட்டுகளையெல்லாம் கார் டிக்கியில் வைத்திருந்தாள். ஒருத்தி தாளித்த கையோடு வினிகரைக் கொதிக்க விடுவாள். வயதில் மூத்த ஓர் ஆன்ட்டி, கராஜில் ஒரு கேஸ் அடுப்பு வைத்துக்கொள்ளச் சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், நானும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன். எல்லாம் படித்தவர்கள், சொந்தமாக வீடு வாங்கியவர்கள். அவரவர் வீட்டிலேயே திருட்டுத்தனமாக வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆன்ட்டி சொன்னது என் கணவருக்குப் பிடித்துப்போயிற்று. டெக்சஸ் கோடையில், கார் நிற்கிற இடத்தில், கதவைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு நான் சாம்பார் வைத்தேன். வியர்வை கண்ணில் இறங்கும். கராஜிலிருந்தும் வாசனை உள்ளே வந்துவிடும் என்று, நான் அங்கே நின்று சமைக்கும்போதும் இங்கே சமையலறையில் ஃபேன் ஓட வேண்டும் என்பது எங்கள் வீட்டுத் துரையின் உத்தரவு. ஓடியது. நாற்றமும் வந்தது.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். குழந்தை விஷயத்தில்தான் முடியவில்லை.

மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளியில் யாரோ ஒரு பிள்ளை அவளிடம், உன் ஜாக்கெட்டில் என்ன வாசனை என்று கேட்டதாம். கேட்டது அவ்வளவுதான். அன்றிலிருந்து என் கணவர் தினமும் காலையில் அவள் ஜாக்கெட்டை மோந்து பார்த்து, எதையோ பீய்ச்சி அடித்து அனுப்புவார். அவள் கையை விரித்துக்கொண்டு பொம்மை மாதிரி நிற்பாள். கொஞ்ச நாளில் தானே தன் கைமுட்டியை மோந்து பார்க்க ஆரம்பித்தாள். டப்பாவில் என் சாதம் வேண்டாம், பிரெட் போதும் என்றாள். அதற்கும் சரி என்றேன். ஒரு நாள் காலையில் தலை வாரிவிட்டு வழக்கம்போல் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் இரண்டடி பின்னால் போனாள். எனக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல மெல்லச் சொன்னாள், "நாட் பிஃபோர் ஸ்கூல், அம்மா."

பெற்ற பிள்ளை. ஏழு வயசு. அன்றைக்கு அந்தக் கராஜ் அடுப்பைத் தூக்கித் தெருவில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. குளித்துவிட்டு, தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பதையும் விட்டேன்.

அந்தக் குளிர்காலம் முடிகிற சமயத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து ஹால் சோபாவிலேயே கிடந்தேன். அடுப்பு பற்றவைத்துப் பல நாளாகியிருந்தது. பீட்ஸாவில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் என் கணவர் மைக்ரோவேவில் பால் சுடவைக்கப் போனவர், கை பழகிய தோஷம், ஃபேனையும் தட்டிவிட்டார். சற்று நேரத்தில் வந்தது பாருங்கள், அதே நாற்றம். எனக்கு எதிரே இருந்த ஃபயர்பிளேஸ் வாயிலிருந்து நேராக என் முகத்துக்கு.

எழுந்தேன். கையை அந்த வளைவுக்குள் நீட்டினேன். மேலேயிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. ஃபேனை நிறுத்தச் சொன்னேன், காற்று நின்றது. சுவாமி அலமாரியிலிருந்து ஓர் ஊதுபத்தி எடுத்துக் கொளுத்தி அங்கே பிடித்தேன். ஃபேனைப் போட்டால் புகை ஹாலுக்குள் வளைந்து ஓடியது. சமையலறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் நேராக நின்றது. மூடினால் மறுபடி ஓடியது. காய்ச்சலோடு ஜன்னலுக்கும் ஃபயர்பிளேஸுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அவர் பால் டம்ளரோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு ஃபேன் காற்றை வெளியே தள்ளினால், வீடு எங்கிருந்தாவது காற்றை இழுத்துத்தானே ஆக வேண்டும்? திறந்திருந்த ஒரே வழி அந்தக் கரிக்குழாய். வாசனை வரக் கூடாது என்று நாங்கள் செய்த ஒவ்வொரு காரியமும் நாற்றத்தை இன்னும் பலமாக இழுத்து வந்திருக்கிறது. எவனோ எரித்த விறகின் கரிக்கு நான் கராஜில் வெந்திருக்கிறேன்.

அவர், "இருக்கலாம். ஆனா சமையல் வாசனையும் கொஞ்சம் இருக்கும்ல?" என்றார்.

"ஆபீஸ்ல என்ன வேலைங்க பாக்கறீங்க நீங்க?" என்று கேட்டேன். பால் ஆறிப்போகிறது என்று சொல்லி டம்ளரை நீட்டினார்.

காய்ச்சல் விட்டதும் நானே இறங்கினேன். முதலில் ஆளை வரவழைத்துப் புகைக்கூண்டைப் பிரஷ் போட்டுக் கரியை இறக்கச் சொன்னேன். செங்கல்லைச் சோடா உப்புப் போட்டு நானே தேய்த்தேன். கரி நகக்கண்ணில் ஏறி நாள்கணக்கில் போகவில்லை. டாம்பருக்குக் கீழே குழாய் குறுகுகிற இடத்தில் செய்தித்தாளை வைத்து அழுத்தி, ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல் அச்செடுத்தேன். வீடு கட்டுகிறவர்கள் சுவருக்குள் வைக்கிற கெட்டியான ஃபோம் பலகையைக் கடையில் வாங்கி, அந்த அளவுக்குக் காய்கறிக் கத்தியால் அறுத்தேன். கனமான பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, ஓரமெல்லாம் கதவிடுக்குக்கு ஒட்டுகிற ஸ்பாஞ்ச் பட்டையை ஒட்டி, மேலே தள்ளிச் செருகினேன். முதல் தடவை கையோடு விழுந்து என் தலையில் கரி கொட்டியது. வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. இன்னொரு வரிசை ஸ்பாஞ்ச் ஒட்டியதும் கிண்ணென்று உட்கார்ந்தது. தெரியாமல் யாராவது தீ மூட்டிவிடக் கூடாதே என்று ஒரு சிவப்பு ரிப்பனைப் பலகையிலிருந்து தொங்கவிட்டேன்.

அப்புறம் வீட்டிலுள்ள துணி அத்தனையும் துவைத்தேன். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்து, சின்ன வெங்காயம் உரித்து, பெருங்காயம் போட்டுச் சாம்பார் வைத்தேன். நெத்திலிக் கருவாடு வறுத்தேன். பக்கத்து வீட்டுக்காரன் மோந்தால் மோந்துகொள்ளட்டும். சாயங்காலத்துக்குள் அந்தச் சமையல் வாசனை இருந்த இடம் தெரியவில்லை. அவர் ஆபீஸிலிருந்து வந்து ஹால் நடுவில் நின்று மூக்கை உறிஞ்சினார், தட்டெடுத்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் கூட்டம். துரை ஃபயர்பிளேஸ் முன்னால் நின்றுகொண்டு வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார். வீட்டுக்குள் பிரஷர் குறைந்தால் என்ன ஆகும், காற்று எங்கே இறங்கும், நாங்கள் எப்படி அனலைஸ் பண்ணினோம். நாங்கள்! கையில் இருந்த கரண்டி என்னைக் கேட்காமலேயே உயர்ந்தது. அடக்கிக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு, குழந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். அது அம்மா வாசனை இல்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. "அவ எப்பவோ மறந்திருப்பா. கிளறாத," என்றார். மறந்தாளா? இன்னும் காலையில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, அவளை அழைத்துவந்து ஃபயர்பிளேஸ் முன்னால் உட்கார வைத்தேன். ஜன்னலை மூடி ஃபேனைப் போட்டேன். பலகையைப் பிடுங்கினேன். பிரஷ் போட்ட பிறகும் பழைய நெடி கொஞ்சம் மிச்சம் இருந்தது. என்ன வாசனை என்று கேட்டேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தட்ஸ் யுவர் ஸ்மெல், அம்மா," என்றாள்.

யார் சொன்னது என்றேன். அப்பாதான் என்றாள். பேரன்ட்-டீச்சர் மீட்டிங்கில் டீச்சரிடம் சொன்னாராம். என் வைஃப் சமைக்கிறாள், இவள் மேல் வாசனை வரும், ஸாரி, சரிசெய்துகொண்டிருக்கிறோம் என்று. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். எனக்குச் சளி என்று நான் போகாத மீட்டிங். வீட்டுக்கு வந்து என்னிடம் மூச்சு விடவில்லை.

என் கணவர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாகப் போயிருக்கும். "நாளைக்கு லீவு போடுங்க. டீச்சர்கிட்ட நேர்ல போய்ச் சொல்லணும். நானும் வர்றேன், இவளும் இருப்பா," என்றேன்.

போனோம். வகுப்பு ஆரம்பிக்கும் முன்பு, அந்தச் சின்ன நாற்காலிகளுக்கு நடுவில் நின்று, நாற்றம் சமையலால் இல்லை, புகைக்கூண்டால் வந்தது, இப்போது அடைத்துவிட்டோம் என்று தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். அந்த அம்மாள் குழம்பிப்போய் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அது விறகுப் புகை என்று முதல் நாளே தெரியுமே என்றார். நீங்கள் வீட்டில் ஃபயர்பிளேஸ் எரிக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன், எங்கள் வீட்டிலும் குளிர்காலத்தில் இதே வாசனைதான் என்றார். இவர் சமையல் என்று எதற்கு மன்னிப்புக் கேட்டார் என்று அன்றைக்கே தனக்குப் புரியவில்லையாம்.

வெளியே வந்தோம். வகுப்புக்குப் போக வேண்டிய மகள் வராந்தாவில் எங்களோடு நடந்துவந்து, அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"தென் வை டிட் யூ ஸே இட் வாஸ் அம்மா?"

அவர் என்னைப் பார்த்தார். எப்போதும்போல் நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று பார்த்தார்.

"உங்களத்தான் கேக்கறா. பதில் சொல்லுங்க," என்றேன்.