அட்மின் மிஸ்ஸுக்கு வந்த கோல்கள்

டியூஷன் வகுப்பில் படிப்பிக்கிறவருக்குத் தொண்டை வலிக்கும், படிக்கிறவருக்குத் தலை வலிக்கும், நடுவில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் அட்மினுக்கு வயிறு கலங்கும்.

மாத்தளை டவுனில் ஏ.எல். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கும் இர்பான் சேரிடம் ஒரு வருஷம் அந்த வேலை பார்த்தேன். பாதிப் பிள்ளைகள் ஹோலில் மர வாங்குகளில் உட்கார்ந்திருப்பார்கள். மீதிப் பேர் தூரத்து ஊர்களில் இருந்து சூமில் வருவார்கள். அவர்களை உள்ளே எடுப்பது, சத்தம் வந்தால் மியூட் செய்வது, லிங்க் அனுப்புவது, லிங்க் வரவில்லை என்கிறவர்களுக்குத் திரும்ப அனுப்புவது, வந்த லிங்க்கை அழித்துவிட்டவர்களுக்கு இன்னொரு முறை அனுப்புவது, எல்லாம் என் பொறுப்பு. வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு, உட்கார்ந்த இடத்து வேலை என்று சொல்லித்தான் தந்தார்கள். நீங்கள் எப்போதாவது ஒரு வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மினாக இருந்திருந்தால் நான் சொல்லப் போவது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும் படியுங்கள், துணைக்கு ஒரு ஆள் இருப்பது தெரிந்தால் கொஞ்சம் மனம் ஆறும்.

முதல் நாள்

முதல் நாள் என் கவனம் முழுக்க வாசலில் இருந்தது. வெயிட்டிங் ரூமில் பெயர்கள் வந்து குவிந்துகொண்டே இருந்தன. சிலர் தங்கள் பெயரில் வந்தார்கள், சிலர் அப்பாவின் பெயரில், ஒருவர் ஏதோ ஒரு போன் மாடலின் பெயரில். யாரை எடுப்பது, யாரை விடுவது என்று தெரியாமல் ஒவ்வொருவருக்கும் போனில் கோல் எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளி ஆள் யாராவது உள்ளே வந்து கண்டதையும் போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

சேர் பலகையில் எழுதி எழுதி வியர்த்துப்போனார். ஹோலில் இருந்த பிள்ளைகளுக்கு எல்லாம் கேட்டது. சூமில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சேரின் மைக்கை ஓன் பண்ண மறந்துவிட்டேன். அவர்கள் எழுதி அனுப்பிய செய்திகள் எல்லாம் நான் திறக்காத ஒரு பெட்டியில் வரிசையாகக் கிடந்தன. சேரிடம் சொன்னால் எனக்கு ஏச்சு விழும் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவரும் அவருக்குக் கோல் எடுக்கவில்லை. பாடம் பாதி தாண்டிய பிறகுதான் ஒரு பிள்ளை எனக்கு நேராகக் கோல் எடுத்து, மிகவும் பணிவாகச் சொன்னாள்:

"மிஸ், சேர் நல்லாத்தான் படிப்பிக்கிறாரு, சத்தமும் வந்தா விளங்கும்."

பின்னால வர்றான்

சேதன இரசாயனம் நடந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கஷ்டமான இடம், ஹோலில் பேனா சத்தம் மட்டும்தான். திடீரென்று ஸ்பீக்கரில் ஒரு பையனின் குரல் பதறிக்கொண்டு வந்தது. பின்னால வர்றான், பின்னால வர்றான், திரும்பு என்றது. சேர் கையில் மார்க்கரோடு சட்டென்று திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர் மட்டும்தான் இருந்தது. நானும் திரும்பிப் பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு துப்பாக்கிச் சத்தம். இரண்டு போன் வைத்திருக்கும் யாரோ ஒருவன் ஒன்றில் வகுப்பையும் மற்றதில் கேமையும் போட்டுவிட்டு மியூட்டை மறந்திருக்கிறான். பெயர்ப் பட்டியலில் மேலும் கீழுமாக ஆளைத் தேடுகிறேன், பெயர் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் கண்டுபிடிப்பதற்குள் சுடும் சத்தம் தானாக நின்றுவிட்டது. சேர் மைக்குக்குக் கிட்ட வந்து, கோபத்தை அடக்கிக்கொண்டு, யாரது என்று கேட்டார். பிறகு அதே குரல், இப்போது வெகு அமைதியாக:

"சேர், நான் செத்துட்டேன். இனிக் கவனிக்கிறேன்."

உக்குவளையிலிருந்து ஒரு தாய்

வகுப்பு நேரத்தில் பெற்றோர் கோல் எடுத்தால் நான் பேசக்கூடாது. அது சேர் போட்ட சட்டம். ஆனால் உக்குவளையில் இருந்து ஒரு தாய் திரும்பத் திரும்ப எடுத்தார். யாருக்கோ சுகமில்லையோ என்று பயந்து, ஹோலுக்கு வெளியே போய்ப் பேசினேன். மகன் வகுப்பில் இருக்கிறானா என்று கேட்டார். பார்த்தேன். பெயர் இருந்தது, ஆரம்பத்தில் இருந்தே இருந்தது. இருக்கிறார், கவலைப்படாதீர்கள் என்றேன்.

அவர் பக்கத்தில் இருந்து எங்கள் சேரின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மகனின் அறைக் கதவைத் தட்டியும் திறக்காததால் அந்தத் தாய் வெளிப்பக்கமாகப் போய் ஜன்னல் வழியே பார்த்தாராம். கட்டிலில் தலகணி மேல் போன் சாய்த்து வைத்திருக்கிறது, சேர் அதற்குள் நின்று படிப்பித்துக்கொண்டிருக்கிறார், அறையில் வேறு யாரும் இல்லை. பையன் அதே ஜன்னலால் இறங்கி விளையாடப் போயிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது, என் வரவுப் பட்டியலில் அவன் இருந்தான் என்பது மட்டும்தான். அதைத் திரும்பவும் சொன்னேன். அழுவதா ஏசுவதா என்று தெரியாத குரலில் அவர் சொன்னார்:

"பேர் ஈக்குது மிஸ், புள்ளயத்தான் காணல்ல."

சீகிரியா வண்டி

பிரதீப் இரண்டாவது முறை ஏ.எல். எடுக்கிறவன். சீகிரியாவில் சுற்றுலா வருகிறவர்களை அண்ணனின் திரீவீலரில் ஹயருக்கு ஏற்றி ஓட்டிக்கொண்டே படித்தான். இது எனக்கு முதலில் தெரியாது. அவன் ஒருநாளும் கேமராவைப் போட மாட்டான், கேள்வியும் கேட்க மாட்டான். ஒருநாள் கை பட்டு மியூட் விலகியிருக்க வேண்டும். என்ஜின் சத்தத்தோடு அவன் ஆங்கிலத்தில் யாருக்கோ, தண்ணீர் கொண்டு போங்கள், மலையில் ஏறும்போது வெயில் கடுமையாக இருக்கும் என்று சொல்வது கேட்டது. பிறகு ஒரு வெள்ளைக்காரரின் குரல், என்ன கேட்டுக்கொண்டு வருகிறாய் என்றது. என்னுடைய கிளாஸ் என்றான். உடனே அந்த மனிதர் போனுக்குப் பக்கத்தில் வந்து எங்கள் சேருக்கு ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். சேரும் பதில் வணக்கம் சொல்லிவிட்டு, விட்ட இடம் எதுவென்று தெரியாமல் நின்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காதில் இயர்போனோடு, யானை குறுக்கே வரும் ரோட்டில் அவன் வண்டி ஓட்டுவதுதான் கண்ணுக்குள் நின்றது. வகுப்பு முடிந்ததும் சேர் அவனை மட்டும் நிற்கச் சொன்னார். ஓடும் வண்டியில் இனி வகுப்புக்கு வரக்கூடாது, ரெக்கோர்டிங் அனுப்பச் சொல்கிறேன் என்றார். சரி என்றான். இப்படி ஓடிக்கொண்டிருந்தால் எப்போது படிப்பாய் என்று சேர் கேட்டதற்குத்தான் இந்தப் பதில்:

"ஹயர் இல்லாத நேரம் படிக்கிறேன் சேர், ஹயர் உள்ள நேரம் கேக்கிறேன்."

மழை

ஒரு வாரம் முழுக்க மழை விடவில்லை. ரோட்டில் மரம் விழுந்து பஸ் ஓடாததால் ஹோலைப் பூட்டிவிட்டு எல்லாரையும் சூமுக்கு வரச் சொன்னோம். சேர் உக்குவளையில் தன் வீட்டில் இருந்தார், நான் டவுனில் என் வீட்டில். பரீட்சை கிட்ட வந்திருந்ததால் பிள்ளைகளே வகுப்பு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

சர்மிளா இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்து வரும் பிள்ளை. தோட்டத்து வரிசை வீடான அவர்களுடைய லயத்தில் பின்பக்கக் குசினி ஜன்னலில்தான் சிக்னல் பிடிக்கும். அதனால் எப்போதும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வகுப்புக் கேட்பாள். அன்றைக்கு தாங்கல் கரைசல் பற்றி ஒரு சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதிக் கேள்வியில் அவள் அம்மா வெளியே இருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ஒரு நிமிஷம் சேர் என்று எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில், லொறியில் இருந்து கல் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவள் பெயர் திரையில் அப்படியே இருந்தது. பிறகு அதுவும் போனது.

சேர் பாடத்தை நிறுத்தினார். தங்கச்சி, அந்தப் புள்ளக்கு கோல் எடுங்க என்றார். எடுத்தேன். ரிங் போனது, யாரும் தூக்கவில்லை. திரும்ப எடுத்தேன். பிள்ளைகளும் எடுக்கத் தொடங்கினார்கள். ஒருவர் வைத்ததும் அடுத்தவர். அடிக்குது, தூக்கல்ல என்று ஒவ்வொருவராக எழுதினார்கள். போன் அடிக்கிறது என்றால் ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரத்தோட்டை டவுனில் மிளகு, கராம்பு வியாபாரம் செய்கிறவரின் மகன் பர்ஹானும் எங்கள் வகுப்பில்தான் இருந்தான். தன் வாப்பாவுக்குத் தோட்டத்தில் ஆட்களைத் தெரியும், விசாரிக்கச் சொல்கிறேன் என்று போனான்.

ஒருவரும் வகுப்பை விட்டுப் போகவில்லை. சேர் பாடமும் எடுக்கவில்லை, வகுப்பை மூடவும் இல்லை. உக்குவளைப் பள்ளிவாசலின் அந்திநேர மஃரிப் பாங்கு அவருடைய மைக்கில் கேட்டது. எழுந்து போய்த் தொழுதுவிட்டு வந்து, திரும்பவும் அதே கதிரையில் உட்கார்ந்தார். என் அம்மா எனக்குப் பக்கத்தில் ரொட்டியை வைத்தாள், பிறகு ஆறிப்போனதைத் தூக்கிக்கொண்டு போனாள். இருட்டிய பிறகு பர்ஹான் வந்தான். தோட்டத்துப் பாடசாலை மாஸ்டரோடு வாப்பா பேசிவிட்டாராம். பின்பக்க மண்மேடு சரிந்து கடைசி வீடுகளின் குசினிகள் போய்விட்டன, ஆட்கள் எல்லாம் பாடசாலையில் இருக்கிறார்கள், சர்மிளாவும் அங்கே இருக்கிறாள் என்றான். யாரோ ஒரு பிள்ளை மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டே அழுதது. அன்றைக்கு நான் யாரையும் மியூட் செய்யவில்லை.

ரோடு திறந்த பிறகு சர்மிளா அவள் அப்பாவோடு ஹோலுக்கு வந்தாள். மீதியை அவர்தான் சொன்னார். இரத்தோட்டை டவுனில் வேலை முடித்து, பஸ் இல்லாமல் நடந்தே மேலே போயிருக்கிறார். லயத்தில் ஒருவரும் இல்லை. குசினிச் சுவர் விழுந்து, மேலே மண். மண்ணுக்குள்ளே மகளின் போன் அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளையும் உள்ளேதான் என்று நினைத்து, மண்வெட்டி தேடவும் நேரம் எடுக்காமல், கையாலேயே தோண்டியிருக்கிறார். ஒரு ரிங் நின்றால் உடனே அடுத்தது தொடங்குமாம். பாடசாலையில் இருந்து ஆள் ஓடி வந்து, மகள் அங்கே இருக்கிறாள் என்று சொல்லும்வரை தோண்டியிருக்கிறார். விரல்களில் துணி சுற்றியிருந்தார்.

அந்த ரிங் எல்லாம் நாங்கள்தான். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். நீங்க என்னத்துக்கு மிஸ் என்று என்னைத் தடுத்துவிட்டு, அவர் மகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அந்த ரிங் நிக்கணும்னும் கும்புட்டேன், நின்னுறக் கூடாதுன்னும் கும்புட்டேன்."

எங்க இருக்கீங்க?

அதற்குப் பிறகு சேர் பலகையில் தலைப்பு எழுதுவதற்கு முன்னால் எல்லாரும் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கத் தொடங்கினார். முதலில் பிள்ளைகளுக்குக் கூச்சம், பிறகு பழகிவிட்டது. வீடு, கடை, மாமி வீடு, மொட்டை மாடி என்று எழுதுவார்கள். எழுதாதவர்களுக்கு நான் கோல் எடுக்க வேண்டும். போனைத் தூக்கத் தாமதித்தால் திரும்பத் திரும்ப எடுப்பேன். டேட்டா முடிந்து போனவர்களை எல்லாம் மண்ணுக்குள் போனவர்களாக நினைத்துக்கொள்வேன். சர்மிளா டவுனில் சித்தி வீட்டில் தங்கி வகுப்புக்கு வந்தாள். முன்வரிசையில் என் கண்ணெதிரே இருந்தாள், அதுவரைக்கும் நிம்மதி.

இன்னொரு நாள் மழை பலமாகப் பெய்தது, திரும்பவும் எல்லாரும் வீடுகளில். சேர் வழக்கம்போலக் கேட்டார். யாரோ ஒரு பிள்ளை, சேர், நீங்க எங்க இருக்கீங்க என்று எழுதியது. விளையாட்டுக்கு எழுதியதா, உண்மையாகவே கேட்டதா தெரியாது. சேர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்துப் பதில் சொன்னார்:

"உக்குவளையில, வீட்டுல, மேல் மாடியில. நான் நல்லா ஈக்கிறேன் மகன், நீங்க பயப்பட வாணாம்."

குரூப்பில் இருந்து

பரீட்சை நடந்தது. எல்லாரும் எழுதினார்கள், சர்மிளாவும் எழுதினாள், பிரதீப் வண்டியை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போய் எழுதினான். அடுத்த வருஷப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்ததால், பழைய பிள்ளைகளை வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து நீக்கிவிடும்படி சேர் சொன்னார். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொருவராக எடுத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒருமுறை நெஞ்சு இலேசாக அடித்துக்கொண்டது. அதைக் கணக்கெடுக்காமல் வேலையை முடித்தேன்.

பாதிப் பிள்ளைகள் பெற்றோரின் போனில்தான் வகுப்புக்கு வந்தார்கள் என்பதை அந்த நேரம் யோசிக்கவில்லை. நீக்கிய செய்தியைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் பெற்றோரின் கோல்கள் வரத் தொடங்கின. ரிசல்ட் வந்த பிறகு பார்க்கலாம் என்று சேரே சொல்லி, நீக்கிய எல்லாரையும் இரவுக்குள் திரும்பச் சேர்க்கும்படி ஆனது. அன்றைக்கு முதலில் பேசியவர் டவுனில் இருந்து ஒரு தாய். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. மகன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், குரலை மிகவும் இறக்கி, ஒரேயொரு கேள்விதான் கேட்டார்:

"மிஸ், ரிசல்ட் வர முன்னமே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சா?"

ஒரு வருஷம் இரசாயனவியல் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தும் நான் படித்தது இவ்வளவுதான்: பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் பயப்படத் தேவையில்லை.