சாய்வாக வெட்டிய நகம்

எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியும். மலைமேல் குண்டூர் நாட்டில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். பழம் பறித்து முடிந்ததும் கவாத்து வெட்ட நான் வெளியாள் வைத்ததே இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர்களும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேண்டாத கிளையை அடியோடு ஒட்ட எடுக்க வேண்டும். வெட்டு சாய்வாக இருக்க வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் தேங்காது. நுனியில் மட்டும் கிள்ளிவிட்டுக் கூலி வாங்குகிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கத்தியைப் பிடுங்கி நானே வெட்டிக் காட்டியிருக்கிறேன்.

என் மனைவியின் வலது கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் வளர ஆரம்பித்தபோது, அதையும் நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்ததற்கு இந்தத் திமிர்தான் காரணம். நகத்தின் ஓரம் சதையில் இறங்குகிறது. சரி, ஓரத்தையே எடுத்துவிட்டால் எது இறங்கும்? காப்பிச் செடியில் பக்கவாட்டில் முளைக்கும் சிம்பை எடுப்பது போலத்தானே. செவ்வாயும் வெள்ளியும் நகத்தில் இரும்பு படக் கூடாது என்பாள் அவள். அதனால் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டோம். சமையல் முடிந்ததும் அவளை வாசலில் முக்காலி போட்டு உட்காரவைத்து, காலை என் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டு, வெந்நீரில் போட்டெடுத்த சின்னக் கத்தியால் அந்த மூலையைச் சாய்வாகத் தோண்டி எடுப்பேன். தேவலைங்க என்பாள். மூன்று வாரத்தில் மறுபடி வீங்கும். மறுபடி எடுப்பேன், போன தடவையைவிட இன்னும் கொஞ்சம் உள்ளே போய். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

இந்த வருடம் மழை விட்ட பிறகு விரல் அடங்கவில்லை. நகத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு சதை முளைத்து நகத்தின்மேல் ஏறியது. தொட்டால் ரத்தம், அழுத்தினால் சீழ். அவள் குதிகாலை மட்டும் ஊன்றி நடந்துகொண்டிருந்தாள். அவளுடைய செருப்பின் முன்பக்கம் விரல் படாதபடி அறுத்துவிடப்பட்டிருந்ததை ஒருநாள் தற்செயலாகப் பார்த்தேன். எப்போது அறுத்தாள், எத்தனை நாளாக இப்படி நடக்கிறாள், எதுவும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் ஒருவருக்குச் சர்க்கரைப் புண் வந்து விரலையே எடுத்தார்கள். அது ஞாபகம் வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன்.

"இந்த ஞாயித்துக்கெழமையும் நீங்களே பாத்துருங்க, ஆஸ்பத்திரியெல்லாம் எதுக்குங்க" என்றாள். திட்டித்தான் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா மலைக்குக் கீழேயிருந்து மாற்றலாகி வந்தவர், சின்ன வயது. முதலில் சர்க்கரை பார்க்கச் சொன்னார். இல்லை என்று வந்தது. அப்புறம் விரலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"யாரு இதை வெட்டுறது?"

"நாந்தானுங்க" என்றேன். பாராட்டுவார் என்றுகூட மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன். என்ன ஜென்மம் நான்.

எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டார். கையால் காட்டினேன். சாய்வாக, மூலையின் உள்வரைக்கும். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நகத்தை நேராத்தான் வெட்டணும், மூலை ரெண்டும் வெளியே தெரியணும். நீங்க மூலையைத் தோண்டி எடுத்ததும் அந்த இடத்துல சதை ஏறிக்குது. அடுத்து வளர்ற நகம் அந்தச் சதையைக் குத்திக்கிட்டுத்தான் வரணும். அதோட, கத்தி எட்டாத ஆழத்துல ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டை விட்டுட்டு வந்திருக்கீங்க. இந்தம்மாவுக்கு இருக்கிற வியாதி நீங்க செஞ்ச வைத்தியம்தான்."

யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். இதற்கு என்ன செய்வது?

ஆரம்பத்திலேயே வந்திருந்தால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, நகத்தின் ஓரத்துக்கு அடியில் கொஞ்சம் பஞ்சு கொடுத்து, நேராக வளரவிட்டாலே போதுமாக இருந்திருக்குமாம். இனி அது நடக்காது என்றார்.

"அப்படீன்னா முழு நகத்தையும் எடுத்துருங்களே" என்றேன். தோட்டக்காரன் புத்தி எங்கே போகும்?

"முழுசா எடுத்தா முழுசா முளைக்கும். முளைச்சு மறுபடி உள்ளே இறங்கலாம். அந்த ஓரத்தை மட்டும் நெடுக எடுத்துட்டு, அதோட வேர்ல மருந்து வைக்கிறேன். அந்த ஓரம் அப்புறம் முளைக்காது. விரலுக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க."

விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போக ஊசி போட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஓரத்தை நெடுக வெட்டி, இடுக்கியால் இழுத்துத் துணியில் வைத்தார். மெல்லிய கீற்றுதான். ஆனால் அதன் பக்கத்தில் கொக்கி போல வளைந்து ஒரு கூர் நீட்டிக்கொண்டிருந்தது, ஓர் அரிசி நீளத்துக்கு. மூன்று வருடமாக இப்படி ஒன்று சதைக்குள் நின்றிருக்கிறது. அவள் தண்ணீர் எடுத்தபோதும் களை வெட்டியபோதும் என்னோடு சந்தைக்கு நடந்தபோதும் அது குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் செதுக்கி உள்ளே வைத்தவன் நான். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் நோயாளியை விட்டுவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

கட்டுப் போட்டு முடித்த பிறகு டாக்டரம்மா அவளிடம் கேட்டார். "இவர் கத்தியை வச்சு நோண்டும்போது வலிச்சிருக்குமே, சொல்லலியா?"

"வலிக்குமுங்க. உசுரு போயிட்டு வரும்."

"அப்புறம் எதுக்கும்மா ஒவ்வொரு வாட்டியும் காலை நீட்டினீங்க?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கல்யாணமாகி இருவது வருசமாச்சுங்க. இவரு வந்து எம்பக்கத்துல உக்காந்து, எங்காலைத் தொட்டு, வலிக்குதா கண்ணுன்னு கேக்கறது அன்னைக்கு மட்டுந்தானுங்க."

டாக்டரம்மா தலையைக் குனிந்து மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.