சரஸ்வதி பூஜையில் வைத்த லேப்டாப்

எனக்கு எழுத்து நேராக வராது, பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு வரி எழுதுவதற்குள் முதல் வரி மறந்துபோகிறது. இது மட்டும் மறக்கவில்லை. மறக்கத்தான் பார்த்தேன்.

எந்த வருஷம் என்று சரியாகத் தெரியவில்லை. செல்போன் எல்லார் கையிலும் வந்துவிட்ட காலம். ஆனால் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் லேப்டாப் கிடையாது. என் மகளுக்குச் சென்னையில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, ஹாஸ்டலில் இருந்தாள். வீட்டுக்காரர் இல்லை. எங்கள் ஊர்ச் செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்குச் சமைத்துப் போட்டுத்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தேன். மூத்தவன் மகன். இங்கேயே ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

பூஜை லீவுக்கு வந்த மகள், லேப்டாப் இல்லாமல் பாடம் முடிக்க முடியவில்லை என்றாள். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. மூன்று பேரும் கடைக்குப் போனோம்.

எனக்குக் கடைகளில் ஆண்களோடு பேச வராது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவோரம் நின்றேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, ஸ்லேட்டு மாதிரி மெலிசு. இன்னொன்று அகலமாக, தடியாக, பக்கவாட்டில் சல்லடை போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. உள்ளே ஃபேன் ஓடும், சூட்டை அது வழியாகத்தான் வெளியே தள்ளும் என்றார்கள்.

"படிக்கவா, கேம் ஆடவாங்க?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும்ங்க," என்றான் மகன், அவள் வாயைத் திறப்பதற்குள்.

மகள் பெரியதைத் தூக்கிப் பார்த்தாள். "கனமா இருக்குண்ணா. தினம் கிளாசுக்குத் தூக்கிட்டுப் போணும். அங்க பிளக் பாயின்ட்டும் கம்மி. சார்ஜ் நிக்கணும்."

"நீ இன்னா கல்லா ஒடைக்கப் போற? ரெண்டு நாள் தூக்கினா பழகிடும்," என்று சிரித்தவன் என் பக்கம் திரும்பினான். "சின்னது இவ படிப்புக்குத் தாங்காதுமா. நாளைக்கே நின்னுடும். அப்பறம் நீதான் அழுவ."

நான் தலையாட்டினேன். அவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்? பெரியதையே வாங்கிக்கொண்டு வந்தோம்.

சரஸ்வதி பூஜை அன்று புத்தகங்களோடு லேப்டாப்பையும் மணைப் பலகையில் அடுக்கினேன். படிக்கிற பொருள்தானே. சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து மூடி மேல் பொட்டு வைத்தேன். பக்கத்துச் சல்லடை மேலும் வரிசையாக வைத்துக் குங்குமம் ஒற்றினேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் அது சட்டம். பரீட்சை இருந்தால்கூடத் தொட மாட்டார்கள்.

சாப்பிட்டுவிட்டு மகள் சிநேகிதி வீட்டுக் கொலுவுக்குப் போனாள். நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்து, தட்டில் சுண்டல் எடுத்துக்கொண்டு வந்தபோது பூஜை அறையில் 'உஸ்' என்று சத்தம். மகன் சரஸ்வதி படத்துக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். லேப்டாப் பலகையிலேயே திறந்திருந்தது. திரையில் யாரோ யாரையோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். செல்போனைத் தோளில் இடுக்கி, நண்பனோடு பேசிக்கொண்டே ஆடினான். நான் பின்னால் நிற்பது அவனுக்குத் தெரியவில்லை.

"எங்கடா தூக்கிட்டுப் போவப் போறா? ரெண்டு வாட்டி பஸ்ல தூக்கினா தோளு வுட்டுப்போவும். இங்கியே போட்டுட்டுப் போய்டுவா. அதுக்குத்தானே பெருசா எடுத்தேன்!"

கையில் இருந்த சுண்டல் தட்டைக் கீழே வைத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினான். போனை அணைத்தான். பூஜையில் வைத்ததைத் தொட்டதற்காகத்தான் முறைக்கிறேன் என்று நினைத்திருப்பான் போல.

"எடுக்கலமா. வெச்ச எடத்துலயேதான் இருக்கு, பாரு," என்றான்.

"யாருக்குடா வாங்குனோம்?"

"அவளுக்குத்தான். சும்மா கெடக்கிற நேரத்துல நான் ஆடுறேன். ஜாஸ்தி பேசாதமா, இன்னா ஆயிப்போச்சு இப்போ?"

 வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். மகள் வந்ததும் அவளிடம் சொன்னேன்.

மறுநாள் புத்தகங்களைப் பிரித்துப் படிக்கிற சடங்கு முடிந்ததும், நானும் அவளும் மட்டும் கடைக்குப் போனோம். அன்றைக்குக் கதவோரம் நிற்கவில்லை. நானே கேட்டேன். "இத வெச்சிக்கிட்டு அந்தச் சின்னத குடுங்க."

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சந்தனம் வெச்சிட்டீங்களேமா. காத்து போற எடத்துல உள்ள எறங்கிக் காஞ்சிருக்கு. கம்பெனிக்காரன் தொடக்கூட மாட்டான்." அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்க பையன்கிட்ட அப்பவே சொன்னேன். படிக்கிற பொண்ணுக்கு சின்னதே ஜாஸ்தின்னு. நீங்க வர்றதுக்கு மொத நாளே தனியா வந்து, பெருசுல ஒரு மணி நேரம் ஆடிப் பாத்துட்டுத்தானே போனாரு?"

லேப்டாப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மகள் நான் வைத்த பொட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள். தெரு முனையில்தான் வாயைத் திறந்தாள். "அவனுக்கு வுட்டுட்டுப் போவேன்னு நெனச்சானா? தூக்கிட்டுத்தான்மா போவேன்."

சென்னைக்குக் கிளம்புகிற அன்று பையில் இருந்த துணியில் பாதியை எடுத்துப் போட்டுவிட்டு லேப்டாப்பை வைத்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு மகன் வரவில்லை. ஆளுக்கொரு வாரைப் பிடித்து நாங்கள் இருவருமே தூக்கிப்போனோம். படிப்பு முடிகிற வரைக்கும் போகும்போதும் வரும்போதும் அதைச் சுமந்தாள். ஒரு தடவைகூட வீட்டில் வைத்துவிட்டுப் போகவில்லை. தலை பின்னிவிடும்போது தோளில் வார் அழுத்திய தடம் தெரியும். தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன். மகன் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குப் பிறகு அவன் எதை வாங்கலாம் என்று சொன்னாலும், தெரியாத யாரிடமாவது போய் இன்னொரு தடவை கேட்டுக்கொள்வேன்.

எந்த வருஷம், பூஜைக்கு எத்தனை நாள் முன்னால் வாங்கினோம் என்பதையெல்லாம் நான் சரியாக எழுதவில்லை. சின்னதில் அவள் படிப்பு உண்மையிலேயே ஓடியிருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் யாராவது என் மகளிடம் கேட்டுச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். அவளிடம் மட்டும் கேளுங்கள்.