காணாமற்போன முதற்பக்கம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதை நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை.

வீடு வாங்க முற்பண உதவி கேட்டு, எங்கள் கடன் நம்பகப் புள்ளிச் சான்றிதழோடு இன்று இங்கே ஜேர்மனியில் வீட்டுதவி அலுவலகம் போனோம்.

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு! அதிகாரி எழுந்து நின்றார். மூன்று மாடியும் கைதட்டியது.

பிறகு விண்ணப்பத்தைப் பார்த்து முகம் சுருங்கினார். "இது இரண்டாம் பக்கம். முதற்பக்கம் இல்லாமல் ஏற்க முடியாது."

மனைவி என்னை இடித்தாள். "என்னப்பா, அது நீங்கள் போட்ட பிள்ளையார் சுழியெல்லோ!"

எனக்கு 'உ'. அவருக்கு 2.

"ஐயா, அது இலக்கமில்லை, எங்கள் கடவுள்" என்றேன். சிரித்தபடி முத்திரை குத்தினார். ஜேர்மனி முழுக்க தேவாலய மணிகள் ஒலித்தன.

சரி, மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. தொண்ணூற்றெட்டு மட்டும் உண்மை.

அதுவும் அவளுடையது. முப்பது வருடமாக ஒரு பில்லும் பிந்தவிடாத மகாராணி!

என் புள்ளியைக் கேட்பவர்கள் இன்றே என் முகநூல் நட்பிலிருந்து நீக்கப்படுவார்கள்.