தூசு தட்டியவள் வாங்கிய கம்பியூட்டர்

குவைத்தில் இருந்த ஒன்பது வருசத்தில் எத்தனை அறை கூட்டினாய் என்று மண்டூர் யோகமலரைக் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு அறையைப் பற்றி மட்டும் வாய் ஓயாமல் பேசுவாள். அது அவள் வேலை செய்த வீட்டு மூத்த பொடியனின் கம்பியூட்டர் அறை. விசைகளுக்கு இடையில் சின்னத் தூரிகை விட்டுத் துடைக்க வேண்டும். சிவப்புக் கதிரையின் தோலுக்குத் தனித் துணி. காதில் மாட்டுகிற ஹெட்செட்டை ஆணியில்தான் தொங்கவிட வேண்டும், மேசையில் போட்டால் வீடு இரண்டுபடும். நிறம் மாறி மாறி மின்னுகிற கண்ணாடிப் பெட்டியை மட்டும் வெளியே துடைக்கலாம், திறக்கக் கூடாது. ஒன்பது வருசமும் அவள் அதைத் திறக்கவில்லை.

கேம் நடுவில் சிக்கினால் அந்தப் பொடியன் தாயைப் பார்த்துக் கத்துவான். மவுஸைச் சுவரில் எறிவான். தாய் ஓடிவந்து கெஞ்சுவாள், அடுத்த நாள் புதுச் சாமான் வந்துவிடும். யோகமலருக்கு முதலில் அது அருவருப்பாக இருந்தது. போகப்போகப் பொறாமையாகிவிட்டது. அவளுடைய கிதுசன் அப்போது ஊரில், அவள் தங்கச்சி வதனியின் மடியில் வளர்ந்துகொண்டிருந்தான். புருசன் வேறொருத்தியோடு போய்விட்டதால் நாலு வயதுப் பிள்ளையைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுத்தான் அவள் விமானம் ஏறினாள்.

திரும்பி வந்தபோது பிள்ளைக்குப் பதின்மூன்று. அவள் கட்டிய புது வீட்டுக்கு ஒரு பையோடு வந்தான், மூன்று இரவு படுத்தான், "சின்னம்மா வீட்டுல படிக்க வசதிம்மா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனான். சின்னம்மா வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். ஆனாலும் யோகமலருக்கு அது குவைத்தைவிடத் தூரமாகப் பட்டது. மகன் தன் வீட்டில் தங்க வேண்டும். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"கம்பியூட்டர் வாங்கித் தரட்டா மகன், கேம் விளையாடுற கம்பியூட்டர்?"

"ஓம்மா."

"எப்படியானது வேணும்?"

"உங்களுக்கு விருப்பமானத வாங்குங்கம்மா."

எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று அவளுக்கு உள்ளம் குளிர்ந்தது. பாவி மனம், அந்த அடக்கத்துக்குள் எச்சரிக்கை இருந்தது அதற்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காத்தான்குடிக்குத் தனியாகப் போனாள். கடைக்காரர் பதியுதீன் பொறுமையான மனிதர்.

"மகன் என்ன கேம் விளையாடுறவர், தங்கச்சி?"

குவைத்துப் பொடியன் என்ன விளையாடுவான் என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பாள். சொந்த மகன் விளையாடுவது தெரியவில்லை. "எல்லாம் விளையாடுவான்" என்றாள்.

"அப்ப கேம் சிக்காம ஓட உள்ளுக்கு நல்ல கார்டு ஒண்டு போடுவம். அதுலதான் எல்லாம் இரிக்கு. கதிரை, லைட்டெல்லாம் மறுகா பாக்கலாம்."

அவளுக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. உள்ளே கிடக்கிற கார்டை யார் பார்க்கப் போகிறார்கள்? அவள் துடைத்துப் பழகிய சாமான் ஒவ்வொன்றையும் விரலால் காட்டினாள். சிவப்புக் கதிரை, வெளிச்சம் ஓடுகிற கீபோர்ட், பூனைக் காது வைத்த ஹெட்செட், கண்ணாடிப் பெட்டி. எல்லாவற்றையும் எடுத்த பிறகு மிஞ்சிய காசுக்கு உள்ளே போடக் கிடைத்தது ஆக விலை குறைந்த கார்டுதான்.

"மகனுக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்களன்" என்றார் பதியுதீன்.

போனைக் கையில் எடுத்தாள். பெற்றவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று அவன் நினைத்துவிடுவானே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. போனைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

குருமண்வெளித் துறையில் 'பாதை' என்று எல்லோரும் சொல்லுகிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்தாள். தண்ணீர் தெறிக்காமல் பெட்டிகளின் மேல் தன் சால்வையைப் போர்த்தியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் வயர்களைத் தானே கொழுவினாள். தூசு தட்டத் தட்டக் கழற்றி மாட்டிய கை, ஒன்றும் பிழைக்கவில்லை.

பின்னேரம் கிதுசன் வந்தான். கதிரையைத் தொட்டுப் பார்த்தான். கூட்டாளியிடமிருந்து கொண்டுவந்த கேமைப் போட்டான். திரையில் கார் ஒரு அடி ஓடியது, நின்றது, திக்கித் திக்கி இன்னொரு அடி ஓடியது. யோகமலர் கதவடியில் நின்று அவன் முகத்தையே பார்த்தாள். இப்போது கத்துவான். இப்போது மவுஸை எறிவான். எறியட்டும், நான் ஓடிப்போய்க் கெஞ்சுவேன், வேறு வாங்கிக் கொடுப்பேன் என்று காத்திருந்தாள்.

"ஏன் மகன், ஓடல்லையா?"

"ஓடுதம்மா. கொஞ்சம் மெதுவா ஓடுது. பரவாயில்ல." மவுஸை அதன் இடத்தில் நேராக வைத்தான். "நல்லாரிக்கம்மா. தேங்ஸ்."

ரியூசன் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த நாள் காலை அவள் பதியுதீனுக்குக் கோல் எடுத்தாள். பெட்டியைக் கொண்டு வந்தால் கார்டு மாற்றித் தருவதாகவும், கேமின் பெயரை மட்டும் கட்டாயம் கேட்டு வரும்படியும் சொன்னார். அதைக் கேட்கத்தான் அவள் வதனி வீட்டுக்கு நடந்தாள்.

வேலியடிக்கு வரும்போதே உள்ளே சத்தம் கேட்டது. அது மகனின் குரல் என்று அறிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதேயில்லை.

"நீங்க ஏன் அவவோட போகல்ல? நான் என்ன விளையாடுறன் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே சின்னம்மா! அவவுக்கு ஒண்டும் தெரியா. லைட்ட வாங்கி வெச்சிருக்கா!"

"வாய மூடுடா எருமை. அவ உனக்காகத்தானே..."

"நீங்கதான் பிழை! எல்லாம் உங்களாலதான்!"

ஏதோ ஒன்று நிலத்தில் விழுந்து உருண்டது. வதனி அடிக்கக் கை ஓங்கியிருப்பாள் போல, அவன் விம்மி விம்மி அழுதான், அழுதுகொண்டே இன்னும் ஏசினான். வேலியைப் பிடித்தபடி யோகமலர் நின்றாள். ஒன்பது வருசம் ஒரு வீட்டுக் கதவடியில் நின்று பார்த்து ஏங்கியது இதுதான். பிள்ளை கத்துகிறான், தாயிடம் கத்துகிற மாதிரியே கத்துகிறான். ஆனால் கத்துவது வதனியிடம்.

திரும்பிப் போயிருக்கலாம். அதற்குள் வேலி வாசல் கடப்பை அவள் கை திறந்துவிட்டது, சத்தம் உள்ளே கேட்டுவிட்டது.

அழுகை நின்றது. குழாயில் தண்ணீர் ஓடியது. கிதுசன் முகம் கழுவி, சேர்ட் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"வாங்கம்மா" என்றான். விறாந்தையில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையைத் துணியால் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினான். "இருங்க. தண்ணி கொண்டாறன்."

"கம்பியூட்டர் எப்பிடி மகன்?"

"நல்லாரிக்கம்மா."

விருந்தாளிகள் வந்து இருக்கிற மாதிரி அவள் கதிரையின் நுனியில் இருந்தாள். கேமின் பெயரைக் கேட்கவில்லை.

"சும்மாதான் வந்தன் மகன்" என்றாள். "இப்ப போயிருவன்."