அண்டாவை விழுங்கிய பிளேயர்

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தபோது, கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் ஒன்று கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரைத் திருவொற்றியூர் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் ஏற்றினேன். அன்றிலிருந்து, தெருவில் திருட்டு விண்டோஸ் வைத்திருந்த அத்தனை பேரையும் புழுவாகப் பார்க்க ஆரம்பித்தேன். என் மெஷினில் சவுண்டு வர மூன்று வாரம் ஆனது வேறு விஷயம்.

அடுத்து ஒரு மீடியா பிளேயர் வேண்டும். சிடியில் ஏழெட்டு இருந்தன. ஒன்று திறப்பதற்குள் குளித்துவிட்டே வந்துவிடலாம். ஒன்று என் பாட்டுகளை நூலகமாக அடுக்கித் தரட்டுமா என்று கேட்டது. என்னிடம் இருந்ததே பதினோரு பாட்டு. இன்னொன்று பாட்டுக்குக் கலர் அலைகளை ஆடவிட்டது. அலை ஆடினால் பாட்டு நிற்கும். சோம்பேறிக் கழுதைகள்! கடைசியில் பட்டனே இல்லாத ஒன்றைப் பிடித்தேன். கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் படம் வரும். மெஷினுக்கு மூச்சு வாங்கினால், தூக்க முடியாத காட்சிகளை உதறிவிட்டு அது பாட்டுக்கு ஓடும். இந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னேன்.

கேட்காதவர்களில் ஒருவர் கீழ்வீட்டு அக்கா. காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். புதிதாகக் கல்யாணமான அவர் தங்கையை மாமியார் திருப்பி அனுப்பியிருந்தார். சீரில் பித்தளை அண்டா வரவில்லையாம். வைத்தோம், வைக்கவில்லை என்று ஒரு மாதமாக இழுத்தது. சீர்ப் பொருள் ஒவ்வொன்றையும் வீடியோக்காரர் தனித்தனியாக எடுத்துவைப்பது அவர்கள் வழக்கம். கல்யாண சிடி இருந்தது. போட்டுக் காட்டத்தான் வழியில்லை.

"நைனா, உன் பொட்டில இது ஓடுமா? ஞாயித்துக்கெயம சம்பந்தியம்மாவ இட்டுகினு வரேன். அண்டாவ கண்ல காட்டிடு, போதும்."

"என் பிளேயர் காத்து மாதிரிக்கா. நிக்கவே நிக்காது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா நாற்காலியில், அக்கா தரையில், தங்கை கதவோரம். கட்டளையைத் தட்டினேன். வாழைத்தார், சேலைத் தட்டு, குத்துவிளக்கு. வீடியோக்காரர் ஒவ்வொன்றையும் பம்பரமாகச் சுழற்றிப் பூ வேறு தூவியிருந்தார். அந்தச் சுழலில் மெஷினுக்கு மூச்சு வாங்க, பிளேயர் உதறியது. குத்துவிளக்குக்கு அடுத்து நேராகப் பந்தி.

"அண்டா எங்கம்மா? சாம்பார் வாளிதான் கீது" என்றார் சம்பந்தியம்மா.

அக்கா என் பக்கம் திரும்பினார். "காத்துன்னியே நைனா, அண்டாவ அடிச்சிகினு பூட்ச்சா?"

மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் பந்தி. தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வேறு வழியில்லாமல், நான் கழுதை என்று தள்ளிய அந்த முதல் பிளேயரைத் திறந்தேன். அது திறப்பதற்குள் மூன்று பேரும் குளித்துவிட்டே வந்திருக்கலாம். ஆனால் அது எதையும் உதறவில்லை. நொண்டி நொண்டி எல்லாவற்றையும் இழுத்து வந்தது. குத்துவிளக்கு. பூ. அப்புறம் அண்டா, அதன் காதைப் பிடித்து வாங்கும் இரண்டு கைகள், மேலே சம்பந்தியம்மாவின் சிரித்த முகம். அங்கேயே மெஷின் ஸ்டக் ஆகி நின்றுவிட்டது.

சம்பந்தியம்மா தொண்டையைச் செருமினார். "பரண் மேல கீதோ இன்னாவோ. யாரு ஏறிப் பாத்தது?" பிறகு தங்கையிடம், "இன்னாடி நின்னுகினு கீற? துணிய எடுத்துகினு கெளம்பு."

அவள் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள்.

"பொட்டிய அணைச்சிடு நைனா" என்று அக்கா என் காதோரம் சொன்னார். "அந்தம்மா மூஞ்சிய எம்மா நேரம்தான் பாக்குறது?"

அணைத்தேன், அணையவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.