வரிக்குப் பின் ஓர் இடைவெளி

எங்கள் பிலடெல்பியா தேவாலயத்தில் நாற்பது வருடம் பாடியவள் ஒடெசா. இளம் இசைக்கலைஞர் டமிக்கா, பழைய சோல் இசையைப் புதுப் பாணியில் தரும் தன் நியோ சோல் ஆல்பத்துக்கு அவளைத்தான் அழைத்தாள். கறுப்பின ஓவியர்களையும் பாடகர்களையும் பெயர் சொல்லிப் போற்றும் பாட்டு.

ஸ்டுடியோவில் ஒவ்வொரு வரி முடிந்ததும் ஒடெசா நின்றுவிட்டாள். தாளம் அவளை விட்டுவிட்டு ஓடியது. நான்கு தடவை இப்படியே ஆயிற்று.

"வரி மறந்துபோச்சா அத்தை? முடியலேன்னா வேற ஆளத்தான் கூப்பிடணும்" என்றாள் டமிக்கா.

"உங்கம்மாவுக்கே பாட்டுச் சொல்லிக் கொடுத்தவடி நான். மறக்கல. யாராவது பதில் குரல் கொடுத்தாத்தானே அடுத்த வரிக்குப் போக முடியும்?"

எங்கள் தேவாலயத்தில் பாடுபவர் ஒரு வரி முடித்ததும் கேட்பவர்கள் குரல் கொடுப்பார்கள்; அவளுக்கு அந்தக் குரல் கணவர் லூதருடையது. மூன்றாம் பெஞ்சிலிருந்து, "பாடும்மா, அவசரமில்ல" என்பார். போன மார்ச்சில் அவரைப் புதைத்தோம். அதற்குப் பிறகு தேவாலயத்தில் அவள் பாடவே இல்லை.

"சரி, பதிலை வேற குரல்ல அப்புறம் சேத்துக்கறேன்" என்றாள் டமிக்கா.

"சேக்காத. எடத்த மட்டும் விட்டு வை."

டமிக்கா தாளத்தை நிறுத்தி இடம் விட்டாள். ஆல்பம் வந்த அன்று ஒடெசா சமையலறையில் தனியாக உட்கார்ந்து கேட்டாள். வரிக்கு வரி பாட்டு நின்று காத்திருந்தது. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. தன் பாட்டுக்குத் தானே பதில் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை.